லோடர் ஹோஸ் மாத்தப் போனேன், அளவில்லாம வெட்ட மாட்டேன்னு திருப்பி அனுப்பிட்டாரு: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு ஹோஸ் கடை

பொள்ளாச்சி, கோயமுத்தூர், பாலக்காடு மூணுக்கும் நடுவுல எங்க ஊர்ப்பக்கம் தோப்பு வச்சிருக்கறவங்க இதைக் கொஞ்சம் பொறுமையா படிங்க. இப்ப நிறைய பேர் மினி டிராக்டர்ல முன்னாடி லோடர் மாட்டி ஓட்டுறோம், தென்னை வரிசைக்குள்ள ஜேசிபி திரும்பாது, ஆள் கிடைக்குறதும் கஷ்டம், அதனால மட்டை அள்ளுறது, எரு ஏத்துறது, வாய்க்கால் மண்ணு ஒதுக்குறது எல்லாம் இந்த சின்ன வண்டிதான். வண்டிக்கு சர்வீஸ் எங்க வேணா கிடைக்குது. ஆனா அந்த லோடரோட ஹைட்ராலிக் ஹோஸ், அதாவது பிரஷரோட ஆயில் போற ரப்பர் குழாய், போச்சுன்னா ஒழுங்கா செஞ்சு குடுக்கற இடம் எதுன்னு தெரியாம நான் பட்ட பாடு கொஞ்சம் இல்லைங்க, அதனாலதான் எழுதறேன்.

என்னோடது 27 ஹெச்பி ஃபோர் வீல் வண்டி. வைகாசி கடைசியில ஈர எருவை பக்கெட் நிறைய அள்ளி டிரெய்லர்ல கொட்டத் தூக்குறேன், பக்கெட்டைத் தூக்குற கை, அதான் பூம், பாதிக்கு மேல போயிருக்கும், பட்டுனு ஒரு சத்தம், அவ்வளவுதான், பூம் அப்படியே கீழ வந்து விழுந்துருச்சு. தூக்குற சிலிண்டருக்கு அடிப்பக்கம் போற ஹோஸ் வெடிச்சிருக்கு. தூக்கி நிறுத்தறதே அந்த ஹோஸ்ல இருக்கற ஆயில்தான், அது வெளிய போயிட்டா பூமைப் பிடிச்சு வைக்க வேற ஒண்ணும் கிடையாது. அப்பா டிரெய்லர் ஓரத்துல மண்வெட்டியோட நின்னுட்டு இருந்தாரு, ஒரு ரெண்டு எட்டு முன்னாடி வந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு இப்ப நினைச்சாலும் கை நடுங்குது. அன்னிக்கு சாயந்திரம் வரைக்கும் நான் வண்டி பக்கமே போகலை.

அடுத்த நாள் வெடிச்ச ஹோஸைக் கழட்டி டவுன்ல ஒரு கடைக்குக் கொண்டு போனேன், கடை பேரு வேண்டாம். ஒரு பார்வை பார்த்தாரு, நீளத்தை முழம் போட்ட மாதிரி பிடிச்சாரு, பத்து நிமிஷத்துல வெட்டி அழுத்திக் குடுத்துட்டாரு. எனக்கும் அவசரம், சந்தோஷமா வாங்கிட்டு வந்துட்டேன். மாட்டும்போதே நட்டு ரெண்டு சுத்துக்கு லொடலொடன்னு போச்சு, அப்புறம் டைட் ஆயிருச்சு, டைட் ஆச்சே சரியா உக்காந்துருச்சுன்னு நினைச்சேன். முதல் நாள்ல இருந்தே ஒரு ஈரம் இருந்துட்டே இருந்துச்சு. டெஃப்ளான் டேப் சுத்திப் பார்த்தேன், அது தப்புன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. 22 நாள். அப்புறம் ஆயில் சொட்டுச் சொட்டா இல்லை, கோடா ஒழுக ஆரம்பிச்சுருச்சு.

அப்பதான் எங்க பக்கத்துத் தோட்டத்து மாமா சொல்லி இந்தக் கடைக்குப் போனேன். கொழிஞ்சாம்பாறையில இருந்து வேலந்தாவளம் வர்ற ரோட்டுப் பக்கம், வெளிய இருந்து பார்த்தா சின்ன ஷட்டர் கடை, முன்னாடி எப்பவும் ஒரு ஜேசிபியோ டிப்பரோ நிக்கும், கறுப்பு ஹோஸ் சுருள் சுருளா சுவத்துல தொங்கும். கடைக்காரர் மலையாளி, எங்க பக்கத்துல பாதி பேர் மாதிரி ரெண்டு பாஷையும் கலந்து பேசுவாரு, கூட வேலை செய்யற தம்பி நம்ம தமிழ்க்காரப் பையன்.

ஹோஸைக் குடுத்ததும் முதல்ல ஒரு துணியால நட்டுக்குள்ள துடைச்சாரு. நான் சுத்தி வச்ச டேப்பை ஊசியால ஒவ்வொரு நாரா எடுத்தாரு. அப்புறம் வெர்னியர் வச்சு அளந்தாரு, த்ரெட் கேஜ் எடுத்து ஒவ்வொரு பிளேடா மரை மேல வச்சு வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சுப் பார்த்தாரு, பிளேடுக்கும் மரைக்கும் நடுவுல வெளிச்சம் தெரியக்கூடாதாம். எனக்கும் காட்டினாரு. சிலிண்டர்ல ஹோஸ் நட்டு மாட்டற அடாப்டரைக் கொண்டு வந்தீங்களான்னு கேட்டாரு, நல்ல வேளை பையில இருந்துச்சு.

"சேட்டா, என்ன பிரச்னைங்க?"

"அடாப்டர் மெட்ரிக், பதினாறு ஒன்றரை. நட்டு பிஎஸ்பி, எட்டுல மூணு. ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், சேராது. எந்தா, ரெண்டு சுத்துல பிடிச்சுதா?"

நான் சொல்லாமயே சொன்னாரு பாருங்க. அவர் விளக்கினதை அப்படியே எழுதறேன், இது தெரியாமத்தான் நாம காசைக் கொட்டறோம். எம்16 மரை வெளி அளவு 16 மில்லி, மரைக்கு மரை ஒன்றரை மில்லி தூரம். 3/8 பிஎஸ்பிங்கறது இஞ்சுக் கணக்கு பைப் மரை, அதோட வெளி அளவு 16.66 மில்லி, ஒரு இஞ்சுக்கு 19 மரை, அதாவது ஒரு மரைக்கு 1.34 மில்லி கிட்ட. அதனால சின்ன ஆண் மரை பெரிய நட்டுக்குள்ள சுலபமா நுழையும், ரெண்டு சுத்து போனதும் மரை தூரம் ஒத்து வராம கடிச்சுக்கும். நாம டைட் ஆயிருச்சுன்னு நினைப்போம், ஆனா உள்ள கூம்பு மாதிரி இருக்கற கோன் உக்காந்திருக்காது, ஏன்னா மெட்ரிக்ல அந்தக் கோன் 24 டிகிரி, பிஎஸ்பில 60 டிகிரி. இந்த ஃபிட்டிங்ல ஆயிலை நிறுத்தறது மரை இல்லைங்க, கோன்தான். அதனாலதான் எத்தனை டேப் சுத்தினாலும் நிக்கலை, அதுவுமில்லாம பிஞ்ச டேப் நார் உள்ள போயி வால்வுல மாட்டுமாம். அடாப்டரோட மரை நல்லாத்தான் இருக்கான்னு நட்டு போட்டு முழுசா ஓட்டிப் பார்த்து, கெடலைன்னு சொன்னப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு.

சரி, அதே நீளத்துக்கு சரியான நட்டு போட்டுக் குடுத்துருங்கன்னேன். மாட்டேன்னுட்டாரு. இந்த நீளம் யார் வச்சதுன்னு கேட்டாரு, அந்தக் கடைக்காரர் வச்சதுன்னேன், அப்ப இது அளவே இல்லை, வீட்டுக்குப் போயி வண்டியில அளந்துட்டு வாங்க, மத்த ஹோஸையும் பார்த்து எழுதிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாரு. எனக்கு சுள்ளுனு கோவம் வந்துச்சு, போக வர ஒரு மணி நேரம், எரு வேற பாதியில கிடக்குது. வேற கடை போலாமான்னு கூட நினைச்சேன். போகாததுக்கு ஒரே காரணம் அந்த கேஜை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்த விதம்தான், அப்படிப் பார்க்கற மனுஷன் சும்மா அலைய விட மாட்டாருன்னு தோணுச்சு.

அளக்கறதுக்கு அவர் சொன்ன முறை சுலபம். ஹோஸ் தடிமனுக்கு ஒரு பழைய தண்ணி டியூப் எடுத்துக்கணும், ரெண்டு முனையையும் ஹோஸ் மாட்டற இடத்துல கயிறு போட்டுக் கட்டணும். பூம் முழுசா கீழ, முழுசா மேல, பக்கெட் முழுசா உள்ள மடக்கி, முழுசா கவுத்து, இந்த நாலு நிலையிலயும் டியூப் இழுபடக் கூடாது, மடங்கி ஒடியக் கூடாது, டயர்லயும் பூம் தகட்டுலயும் உரசக் கூடாது. பூமைத் தூக்கி வச்சு அளக்கும்போது அடியில பலமான முட்டு குடுக்காம யாரும் கிட்டப் போகக் கூடாதுன்னு ரெண்டு தடவை சொன்னாரு, நான் இரும்பு சேனலை வெட்டி சிலிண்டர் ராடுக்கு முட்டா வச்சுத்தான் செஞ்சேன். செஞ்சு பார்த்தா என்ன தெரியுது, டவுன் கடை ஹோஸ் 6 சென்டிமீட்டர் குட்டை. பூம் முழுசா மேல போகும்போது சிலிண்டர் சாயற பக்கமா ஹோஸை இழுத்திருக்கு, நட்டும் சேரலை, நீளமும் சேரலை, எப்படி நிக்கும். பிரஷர் ஏறும்போது ஹோஸ் நீளம் கொஞ்சம் சுருங்கவும் செய்யுமாம், நூத்துக்கு 4 பங்கு வரைக்கும், அதனால அளவுக்கு மேல கொஞ்சம் தாராளம் விடணும்னு அவர் அப்புறமா சொன்னாரு.

என் லோடர்ல சிலிண்டர் பக்கம் மட்டும் மொத்தம் எட்டு ஹோஸ், தூக்குற சிலிண்டர் ரெண்டுக்கு நாலு, பக்கெட் சிலிண்டர் ரெண்டுக்கு நாலு, அதுக்கப்புறம் பூம் மேல ஸ்டீல் பைப் ஓடுது. ஒண்ணு போனா மத்ததுக்கும் அதே வயசுதானேன்னு எட்டையும் கழட்டிக் கொண்டு போயிட்டேன். ஹோஸ் மேல ஒரு கோடு மாதிரி எழுத்து ஓடும் பாருங்க, நாம யாரும் படிக்கறதே இல்லை. அதுல ஹோஸ் வகை, அளவு, பிரஷர், எந்த வருஷம் எந்தக் காலாண்டுல செஞ்சதுன்னு எல்லாம் இருக்கு. தம்பி ஒவ்வொண்ணையும் துடைச்சுப் படிச்சுச் சொல்லிட்டே வந்தான். டவுன் கடை ஹோஸ் போக அஞ்சு ஹோஸ் வண்டி வாங்கினப்ப வந்தது, மேல ரப்பர் கையால மடக்கினா பொடிப்பொடியா வெடிப்பு தெரியுது, ஒண்ணுல தகட்டுல உரசி உரசி உள்ள கம்பியே வெளிய வந்து துரு பிடிச்சிருக்கு. மீதி ரெண்டு போன வருஷம் மாத்தினது. "இது ரெண்டும் நல்லா இருக்கு, காசு கூடுதலா இருந்தா பிள்ளைக்குப் புத்தகம் வாங்கிக் குடுங்க" ன்னு சேட்டன் திருப்பிக் குடுத்துட்டாரு. நான் எட்டுக்கும் காசோட போனவன், அவர் வாங்கிப் போட்டிருந்தா எனக்குத் தெரியவே தெரியாது. இந்த ஒரு விஷயத்துக்கே இந்தக் கடையை யாருக்கு வேணாலும் சொல்லுவேன்.

அடுத்தது சிங்கிள் வயரா டபுள் வயரான்னு. டவுன் கடையில போட்டது சிங்கிள் வயர், அதாவது ரப்பருக்குள்ள ஒரு அடுக்கு ஸ்டீல் கம்பிப் பின்னல். உள் துளை 3/8 இஞ்சு ஹோஸ்ல சிங்கிள் வயர் 180 பார் பிரஷர் தாங்கும், டபுள் வயர் 330 பார். என் வண்டியில பிரஷர் கூடினா ஆயிலைத் திருப்பி விடற ரிலீஃப் வால்வு 175 பார்ல திறக்கும், அப்ப கணக்குப்படி சிங்கிளே போதுமேன்னு கேட்டேன். பக்கெட் நிறைய எருவோட வரப்புல ஏறி இறங்கும்போது, தென்னை வேர்ல பக்கெட் இடிக்கும்போது, அந்த ஒரு நொடி சிலிண்டருக்குள்ள பிரஷர் எகிறும், ஜாய்ஸ்டிக் வால்வு மூடியிருக்கும்போது ரிலீஃப் அங்க வந்து காப்பாத்தாது, அதுக்குத்தான் டபுள்னு சொன்னாரு. ஹோஸ் வெடிக்கற பிரஷர் அந்த வேலை பிரஷரைப் போல நாலு மடங்கு இருக்கணும்னு கணக்கு, ஆனா அது புது ஹோஸுக்கு, வெயில்லயும் உரசல்லயும் வருஷக்கணக்கா கிடந்ததுக்கு இல்லை. விலை வித்தியாசம் ஒரு ஹோஸுக்கு நூறு ரூபா சொச்சம்தான். டபுளே போட்டேன். கொஞ்சம் விறைப்பா இருக்கும், 3/8க்கு 13 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் கம்மியா வளைக்கக் கூடாது, அதனால வளைவு வர்ற இடத்துல 90 டிகிரி எல்போ ஃபிட்டிங் போட்டாரு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த எல்போ போட்ட விதம். ரெண்டு ஹோஸுக்கு ரெண்டு முனையிலயும் எல்போ வரணும். ஒண்ணு எந்தப் பக்கம் பார்க்குதோ அதுக்கு ஏத்த மாதிரி இன்னொண்ணு திரும்பி இருக்கணும், அழுத்தினதுக்கு அப்புறம் திருப்ப முடியாது, திருப்பி மாட்டினா ஹோஸ் முறுக்கிக்கிட்டு சீக்கிரம் போயிரும். சேட்டன் மேசை மேல சாக்பீஸ்ல ஒரு கடிகாரம் வரைஞ்சாரு, வட்டம், பன்னெண்டு, மூணு, ஆறு, ஒம்பது. பழைய ஹோஸை அது மேல வச்சு ஒரு முனையைப் பன்னெண்டுக்கு நேரா நிறுத்தி, மறுமுனை எங்க நிக்குதுன்னு பார்த்தாரு, நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி. அதை எழுதி வச்சுட்டு, புதுசுல ஒரு முனையை அழுத்தி, மறுமுனையை அதே இடத்துக்குத் திருப்பிக் கோடு போட்டுட்டுத்தான் மெஷின்ல விட்டாரு. வீட்டுல மாட்டும்போது ரெண்டு பக்கமும் கையாலயே போய் உக்காந்துச்சு, ஹோஸ் மேல ஓடுற எழுத்து ஒரு இடத்துலயும் சுத்தாம நேர்கோடா நின்னுச்சு.

வெட்டினதும் ஏர் விட்டு ரெண்டு பக்கமும் ஊதறாங்க, வெட்டற பிளேடுல வர்ற ரப்பர் பொடி, கம்பித் தூள் உள்ள இருந்தா அது நேரா வால்வுக்கும் பம்புக்கும்தான் போகும். ஃபிட்டிங்கை முழுசா உள்ள தள்ளி, மேல ஃபெரூல்ங்கற இரும்பு வளையம் வச்சு அழுத்தினதுக்கு அப்புறம், அந்த ஃபெரூலை வெர்னியர்ல மூணு இடத்துல அளந்து சுவத்துல ஒட்டின சார்ட்டோட ஒப்பிட்டுப் பார்த்தான் தம்பி. கம்மியா அழுத்தினா கழண்டு வரும், ஜாஸ்தியா அழுத்தினா உள் ரப்பர் நசுங்கிரும். ஒண்ணு சார்ட்டுக்கு வரலைன்னு மறுபடி அரை சுத்து வச்சான். கடைசியில ரெண்டு முனைக்கும் பிளாஸ்டிக் மூடி போட்டு, இது இடது தூக்கு மேல், இது வலது பக்கெட் கீழ்னு தமிழ்லயே எழுதி டேப் ஒட்டிக் குடுத்தான்.

ஆறு ஹோஸுக்கும் சேர்த்து 4,350 ரூபா ஆச்சு, பில்லோட, ஜிபே வாங்கிக்கறாங்க. டவுன்ல ஒண்ணுக்கு 550 குடுத்திருந்தேன், அது 22 நாள், கூடவே போன ஆயில் காசு தனி.

குறையும் இருக்கு, சொல்லாம விட்டா நியாயம் இல்லை. காலையில எட்டரைக்குப் போனா ஜேசிபிக்காரங்க வரிசையில நிப்பாங்க, அவங்களுக்கு ஒரு நாள் வண்டி நின்னா வாடகை போயிரும்னு அவங்களை முதல்ல விடறாரு, நமக்கு ரெண்டு மணி நேரம் ஆகும். மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல போங்க. செஞ்ச ஹோஸை பிரஷர் ஏத்தி டெஸ்ட் பண்ணிக் காட்டற மெஷின் இல்லை, அது ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும். உரசலுக்குப் போடற ஸ்பைரல் கார்டு ஸ்டாக் இல்லை, நான் கோயமுத்தூர்ல வாங்கினேன். வண்டியில மாட்டிக் குடுக்க ஆள் அனுப்ப மாட்டாங்க. ஓணம், விஷு, ஹர்த்தால் நாள்ல கடை இருக்காது, நம்ம பக்கம் இருந்து போறவங்க காலண்டர் பார்த்துக்கங்க.

மாட்டினது நானேதான். ஆனி மாசம், பாலக்காட்டுக் கணவாய்க் காத்து எப்படி அடிக்கும்னு உங்களுக்கே தெரியும், திறந்த பைப்புக்குள்ள புழுதி போனா அவ்வளவும் வீண், அதனால விடிகாலை காத்து எந்திரிக்கறதுக்கு முன்னாடி அஞ்சரைக்கே ஆரம்பிச்சேன். கழட்டும்போதும் சரி மாட்டும்போதும் சரி, பக்கெட்டைத் தரையில முழுசா உக்கார வச்சு, இஞ்சினை நிறுத்தி, ஜாய்ஸ்டிக்கை நாலு பக்கமும் நாலஞ்சு தடவை ஆட்டணும், உள்ள தங்கியிருக்கற பிரஷர் அப்பதான் இறங்கும். ஸ்டீல் பைப் வாயை எல்லாம் சுத்தமான துணியும் கவரும் போட்டுக் கட்டி வச்சிருந்தேன். நட்டை விரலால முழுசா ஓட்டிட்டு, அப்புறம் ரெண்டு ஸ்பானர், ஒண்ணு அடாப்டரைப் பிடிக்க ஒண்ணு நட்டைத் திருப்ப, ஒரே ஸ்பானர்ல இழுத்தா ஹோஸும் சேர்ந்து முறுக்கிக்கும். மாட்டினதும் இஞ்சினை ஸ்லோவுல விட்டு, பாரம் இல்லாம எல்லா சிலிண்டரையும் மெதுவா பத்துத் தடவை ஏத்தி இறக்கினேன், காத்து வெளிய வர்ற வரைக்கும் பூம் உதறி உதறித்தான் போச்சு. அப்புறம் பக்கெட்டைக் கீழ வச்சு ஆயில் அளவு பார்த்தா ஒன்றரை லிட்டர் குறையுது, வண்டி புத்தகத்துல போட்டிருக்கற அதே ஆயிலை ஊத்தினேன், நம்ம மாதிரி வண்டியில கியர்பாக்ஸுக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான், கண்டதை ஊத்தாதீங்க.

ஒரு விஷயம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்றேன், லீக் எங்கன்னு கையால தடவிப் பார்க்காதீங்க. நான் அந்த 22 நாளும் தடவித்தான் பார்த்துட்டு இருந்தேன், சேட்டன் கேட்டதும் முகமே மாறிருச்சு அவருக்கு. ஊசி முனை ஓட்டையில இருந்து வர்ற ஆயில் கண்ணுக்கே தெரியாது, தோலைத் துளைச்சு உள்ள போயிரும், பார்த்தா முள்ளு குத்தின மாதிரி ஒரு புள்ளி, முதல்ல பெரிசா வலிக்கவும் வலிக்காதாம், ஆனா உள்ள சதை அழுகிப் போயி விரலையே எடுக்கற அளவுக்குப் போகும். அப்படி ஏதாவது பட்டா மறுநாள் பார்க்கலாம்னு இருக்காம, உடனே ஆபரேஷன் வசதி இருக்கற ஆஸ்பத்திரிக்குப் போயி, ஹைட்ராலிக் ஆயில் பிரஷர்ல உள்ள போச்சுன்னு தெளிவா சொல்லணும். லீக் பார்க்கறதுக்கு ஒரு அட்டைத் துண்டை தூரத்துல பிடிச்சா போதும், ஆயில் பட்டா அதுல தெரியும். இப்ப எங்க வீட்டு டூல் பெட்டியில ஒரு அட்டை எப்பவும் இருக்கு.

தை முடியப் போகுது, ஏழு மாசம் ஆச்சு. எரு, மட்டை, வாய்க்கால் மண்ணு எல்லாம் ஓட்டிட்டேன், ஆறு ஹோஸ்லயும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. எரு வேலை முடிஞ்சா ஃபெரூல் பக்கம் தண்ணி விட்டுக் கழுவறேன், சாணி காஞ்சு ஒட்டினா ஸ்டீல் அரிச்சுரும். அப்பா இப்பவும் பூம் தூக்கினா பத்தடி தள்ளித்தான் நிக்கறாரு, அது அப்படியே இருக்கட்டும்.

நீங்க போறதா இருந்தா பழைய ஹோஸ், அது மாட்டற அடாப்டர், நாலு நிலையிலயும் எடுத்த அளவு, எல்போ எந்தப் பக்கம் பார்க்குதுன்னு மாட்டியிருக்கும்போதே எடுத்த போட்டோ, இவ்வளவும் கொண்டு போயிருங்க, என்னை மாதிரி ரெண்டு தடவை போக வேண்டி இருக்காது. வால்வுல இருந்து டிராக்டருக்குப் போற நாலு ஹோஸ் எனக்கு இன்னும் பாக்கி, மாசியில தண்ணி முறை முடிஞ்சதும் அதையும் கழட்டி அங்கதான் கொண்டு போறேன்.